மீனை நிறுத்த வேண்டாம், பெரிய சுறாவை மட்டும் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள்

குழித்துறை பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மனைவிக்கு ஐந்தாம் மாதம். குருந்தாசலம் கண்ணன் என்ற விஞ்ஞானி உணவிலும் சுற்றுச்சூழலிலும் கலந்திருக்கும் நச்சுப் பொருள்களைப் பற்றிச் செய்த ஆராய்ச்சிகளை மனைவி எங்கோ படித்துவிட்டு, இனி வீட்டுக்கு மீனே வரக்கூடாது, பாலும் முட்டையும் போதும் என்று சொல்லிவிட்டாராம். அம்மாவோ மீன் கூட்டாமல் பிள்ளை எப்படி வளரும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். நடுவில் மாட்டிக்கொண்டவர் யார் பக்கம் நிற்பது என்று கேட்கிறார்.

அம்மா பக்கம் நில்லுங்கள் தம்பி. ஆனால் முழுசாக நிற்க வேண்டாம், முக்கால்வாசி போதும். மீதி கால்வாசிக்கு உங்கள் மனைவி சொல்வதில் நியாயம் இருக்கிறது, அது எந்த மீன் என்பதைப் பொறுத்தது.

நான் உணவில் பூச்சிமருந்து எச்சம், கனஉலோகம் பார்க்கும் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், ஊர் மணவாளக்குறிச்சி பக்கம். அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த விஞ்ஞானி. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் படித்தவர், பிறகு ஜப்பானில் எஹிமே பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம், அப்புறம் அமெரிக்காவில் நியூயார்க் மாநில சுகாதாரத் துறையின் வாட்ஸ்வொர்த் ஆய்வு மையத்தில் நீண்ட காலம். உலகம் அவரை அறிந்தது 2001இல். ஜான் கீஸி என்ற அமெரிக்க விஞ்ஞானியும் இவரும் சேர்ந்து, பிஎஃப்ஓஎஸ் என்கிற ஃப்ளோரின் சேர்மம் ஆர்க்டிக் பனிக்கரடி, பசிபிக் நடுவில் வாழும் ஆல்பட்ராஸ் பறவை, கடல்நாய், கழுகு என்று பூமியின் எல்லா மூலையிலும் உள்ள விலங்குகளின் உடம்பில் இருப்பதைக் காட்டினார்கள். கறை பிடிக்காத துணிக்கும் எண்ணெய் ஒட்டாத காகிதத்துக்கும் பூசப்பட்ட குடும்பத்துச் சரக்கு அது. அதைத் தயாரித்த த்ரீஎம் நிறுவனம் 2000இலேயே நிறுத்தப்போவதாக அறிவித்துவிட்டது என்றாலும், எங்கோ ஆலையில் செய்தது எப்படித் துருவம் வரை போனது என்ற கேள்வியை உலகத்தின் முன் வைத்தது அந்த ஆய்வுதான். 2009இல், நெடுநாள் அழியாத நஞ்சுகளைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் பிஎஃப்ஓஎஸ் சேர்ந்தது.

உங்கள் மனைவி படித்தது அநேகமாக இதுவாகத்தான் இருக்கும். இல்லையென்றால் 2021இல் வந்த, கைக்குழந்தைகளின் மலத்தில் பெரியவர்களைவிடப் பத்து மடங்குக்கும் மேல் பாட்டில் பிளாஸ்டிக் துகள் இருந்தது என்ற ஆய்வாக இருக்கலாம். அதுவும் அவர் குழுவுடையதுதான். அதைப் பார்த்து அலற வேண்டாம், ஆறு குழந்தைகள், பத்துப் பெரியவர்கள், அவ்வளவுதான் சோதித்தது, ஆரம்பக் கட்ட வேலை. கவனிக்க வேண்டிய விஷயம், நடுங்க வேண்டிய விஷயம் இல்லை.

நமக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது அதற்கெல்லாம் முன்னால், அவர் ஜப்பானில் இருந்தபோது செய்தது. அதைப் பற்றி நம் ஊரில் யாரும் பேசுவதில்லை, எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்கூட உண்டு.

எஹிமே பல்கலைக்கழகத்தில் தத்சுகாவா, தனாபே என்ற பேராசிரியர்கள், இங்கே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டைக் கடல் உயிரியல் மையத்திலிருந்து சுப்பிரமணியன், இவர்களெல்லாம் சேர்ந்து 1980களின் கடைசியில் வெள்ளாற்றுப் படுகையில் பிஎச்சி, டிடிடி என்ற பூச்சிமருந்துகளைப் பற்றி ஆராய்ந்தார்கள். பிஎச்சி உங்கள் தலைமுறைக்குத் தெரியாது. அப்பாவிடம் கேளுங்கள், வயலில் துணிப் பொட்டலத்தில் கட்டித் தட்டித் தட்டித் தூவும் அந்தப் பொடியின் நாற்றத்தை அவர் மறந்திருக்க மாட்டார். இந்தியா அளவுக்கு அதை வயலில் கொட்டிய நாடு குறைவு. அப்படியென்றால் வாய்க்கால் வழியே ஆற்றுக்கும், ஆற்று வழியே கடலுக்கும், கடலிலிருந்து மீனுக்கும் வந்திருக்க வேண்டும் இல்லையா? கணக்குப் போட்டுப் பார்த்தால் கடலுக்குப் போனது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் காற்றில் ஆவியாகிப் போயிருந்தது. நம் வெயில் அப்படி. இங்கே ஆவியானது காற்றோடு போய்க் குளிர்ந்த இடத்தில் படிகிறது, மறுபடி கொஞ்சம் கிளம்புகிறது, இன்னும் குளிர்ந்த இடத்தில் படிகிறது. வெப்ப நாடுகளில் தூவியது இப்படித்தான் படிப்படியாக வடதுருவம் வரை போய், பூச்சிமருந்தையே கண்ணால் பார்த்திராத எஸ்கிமோ தாய்மாரின் பாலில் சேர்ந்தது.

அதனால் நம் மீன் தப்பித்தது. அப்படியானால் நம் ஜனங்களின் உடம்புக்குள் எந்த வழியாக வந்தது? இதற்குத்தான் கண்ணன் 1992இல் இந்திய உணவுப் பொருள்களை வரிசையாக எடுத்துச் சோதித்து ஒரு கட்டுரை எழுதினார். ஜப்பானில் இந்த வகை நஞ்சு உடம்புக்குள் வருவதற்கு முக்கிய வழி மீன். இந்தியாவில் முக்கிய வழியாக அவர்கள் கண்டது பாலும் பால் பொருள்களும். மருந்தடித்த வயலின் வைக்கோலை மாடு தின்கிறது, நஞ்சு கொழுப்பில் கரையும் சரக்கு, ஆகவே தினமும் பாலோடு வெளியே வருகிறது. வெண்ணெய், நெய் என்று போகப் போக அடர்த்தி கூடும். பணக்கார நாட்டுக்காரர்களைவிட இந்தியர்கள் பிஎச்சி, டிடிடி இரண்டையும் தினசரி அதிகமாக உட்கொள்கிறார்கள் என்பதுதான் அந்தக் கட்டுரையின் முடிவு.

உங்கள் மனைவி யாருடைய பெயரைச் சொல்லி மீனை விட்டுப் பாலுக்குப் போகிறாரோ, அவரே இந்தியாவில் பாலைத்தான் சுட்டிக் காட்டினார்! சண்டையில் இதைப் பயன்படுத்திவிடாதீர்கள், ஏனென்றால் இதற்குப் பின்கதை உண்டு. டிடிடி 1989இல் விவசாயத்திலிருந்து விலக்கப்பட்டது, பிஎச்சி 1997இல் தடைசெய்யப்பட்டது, அதற்குப் பிறகு அளவுகள் இறங்கின. ஆகவே பாலும் தாராளமாகக் குடிக்கலாம். இப்போது வாழைக்கு வைக்கும் ஃபுராடான் குருணை மாதிரியானவை வேறு ஜாதி, வைப்பவரை அன்றே சாய்க்கும் அளவுக்குக் கொடியது, ஆனால் வருஷக்கணக்கில் கொழுப்பில் குடியிருக்காது. இரண்டையும் ஒரே 'கெமிக்கல்' என்ற சொல்லில் போட்டுக் குழப்புவதால்தான் பாதி பயம்.

சரி, மீனுக்கு வருவோம். மீன் விஷயத்தில் உண்மையான ஆள் பூச்சிமருந்து இல்லை, பாதரசம்.

பாதரசம் நிலக்கரிப் புகையிலிருந்தும் தங்கச் சுரங்கங்களிலிருந்தும் காற்றில் ஏறிக் கடலில் இறங்குகிறது. இறங்கிய வடிவத்தில் அது அவ்வளவு சுலபமாக உடம்பில் ஒட்டாது. காற்றில்லாத சேற்றில் வாழும் சில நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன, அதுதான் ஆபத்தான வடிவம். மணக்குடிக் காயல் ஓரத்தில் கறுப்புச் சேற்றைக் கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வருமே, அந்த நாற்றத்தை உண்டாக்கும் கூட்டத்தில்தான் இந்த வேலையைச் செய்பவையும் இருக்கின்றன. காயல் விஷம் என்று படித்துவிடாதீர்கள், உலகத்தில் எந்தச் சேற்றிலும் இவை உண்டு, திறந்த கடலின் ஆழத்திலும் இந்த மாற்றம் நடக்கிறது. மெத்தில் பாதரசம் நுண்பாசியில் ஏறி, அதைத் தின்னும் பூச்சியில் ஏறி, சாளையில் (மத்தி) ஏறி, சாளையைத் தின்னும் சூரையில் ஏறி, கடைசியில் எல்லாவற்றையும் தின்னும் பெரிய சுறாவில் வந்து நிற்கிறது. கந்துவட்டி போல, மேலே போகப் போக ஏறிக்கொண்டேதான் இருக்கும். தண்ணீரில் இருப்பதைவிடப் பெரிய மீனின் சதையில் லட்சக்கணக்கான மடங்கு அதிகம்.

இங்கே ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. டிடிடி கொழுப்பில் இருக்கும், மெத்தில் பாதரசம் சதையின் புரதத்தோடு பிணைந்திருக்கும். அதனால் தோலை உரித்தாலும், எண்ணெயை வடித்தாலும், புளி ஊற்றி மண்சட்டியில் எவ்வளவு நேரம் வற்ற வைத்தாலும் அது போகாது. மஞ்சள் தண்ணியில் கழுவினால் போய்விடும் என்று வாட்ஸ்அப்பில் வருவது சுத்தப் பொய்.

எவ்வளவு என்று பார்ப்போம். உணவு மாசு பற்றிய சர்வதேச நிபுணர் குழு 2003இல், வயிற்றுப் பிள்ளையை மனதில் வைத்து, வாரத்துக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 1.6 மைக்ரோகிராம் மெத்தில் பாதரசம் வரை ஏற்கலாம் என்றது. 60 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு வாரம் சுமார் 96 மைக்ரோகிராம். இப்போது மீன். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் வைத்திருக்கும் பட்டியலில் சராசரிப் பாதரசம் கிலோவுக்கு இப்படி: சாளை 0.013 மில்லிகிராம், நெத்திலி 0.016, மஞ்சள் துடுப்புள்ள சூரை 0.354, சுறா 0.979. அது அவர்கள் சந்தையில் எடுத்த மீன், நம் கடலுக்கு அந்த எண்கள் அப்படியே பொருந்த வேண்டும் என்றில்லை. ஆனால் எது கீழே, எது மேலே என்ற வரிசை எந்தக் கடலிலும் மாறாது, ஏனென்றால் அது எது எதைத் தின்கிறது, எத்தனை வருஷம் வாழ்கிறது என்பதைப் பொறுத்தது.

அந்த எண்களை வைத்தே போடுங்கள். தினமும் 150 கிராம் சாளை, ஏழு நாளும் தின்றால் சுமார் 14 மைக்ரோகிராம், வாரக் கணக்கில் ஏழில் ஒரு பங்கு. சூரையில் 150 கிராம் ஒரே ஒரு தடவை, 53. பெரிய சுறாவில் நூறு கிராம் துண்டு ஒன்று போதும், 98, வாரத்துக்கான மொத்தமும் தீர்ந்தது. மெத்தில் பாதரசம் உடம்பில் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஐம்பது நாள் ஆகும், ஆகவே இந்த வாரம் தின்றது அடுத்த மாதமும் கொஞ்சம் மிச்சமிருக்கும்.

நம் மாவட்டத்தில் இதைச் சொல்லும்போது கொஞ்சம் தயக்கம் வருகிறது. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை ஆட்கள் ஆழ்கடலில் சுறா பிடிப்பதில் இந்தியாவிலேயே பெயர் எடுத்தவர்கள், வாரக்கணக்கில் கடலில் கிடந்து கொண்டுவருகிற சரக்கு அது. அவர்களுடைய பிழைப்பைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. சாதாரண ஆண், வயதானவர், எப்போதாவது ஒருநாள் சுறாப்புட்டு தின்பதால் ஒன்றும் ஆகாது. கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள், சின்னப் பிள்ளைகள், இந்த மூன்று கூட்டத்துக்கு மட்டும்தான் நான் சொல்வது. பிள்ளையின் மூளை வளர்கிற காலத்தில் மெத்தில் பாதரசம் தொப்புள்கொடி வழியே போய்விடும், ஜப்பானில் மினமாட்டாவில் 1956இல் வெளிச்சத்துக்கு வந்த கொடுமையில் தாய்க்குப் பெரிதாக ஒன்றும் இல்லாமல் பிள்ளைக்கு மட்டும் கை கால் விளங்காமல் பிறந்த குடும்பங்கள் உண்டு. அது ஆலைக் கழிவை நேராக விரிகுடாவில் விட்டதால் வந்தது, நம் கடல் அந்த நிலையில் இல்லை, பயப்படாதீர்கள்.

பிரசவித்தவளுக்குப் பால் ஊற வேண்டும் என்று நம் பக்கம் பால்சுறா சமைத்துக் கொடுப்பார்கள், அதை உங்கள் அம்மா இன்னும் நாலு மாதத்தில் கண்டிப்பாகக் கிளப்புவார். பால்சுறா சின்ன இனம், முழுசாக வளர்ந்தாலும் பெரும்பாலும் ஒரு மீட்டர் அளவுதான், பத்தடிச் சுறாவோடு அதைச் சேர்க்கக் கூடாது. ஒருநாள் சம்பிரதாயத்துக்குக் கொடுத்தால் நான் தடுக்க மாட்டேன். சந்தையில் 'பால்சுறா' என்று சொல்லிப் பெரிய சுறாவின் துண்டைக் கட்டிவிடுவார்கள், அங்கேதான் கண் வேண்டும். தலையோடு முழு மீனாக இருந்தால் வாங்குங்கள், வெட்டிய துண்டு என்றால் நகர்ந்துவிடுங்கள்.

நெய்மீன் (வஞ்சிரம்) பற்றியும் கேட்பீர்கள், கல்யாண வீட்டுக்குக்கூட இப்போது அதுதான் மதிப்பு. அமெரிக்கர்கள் கர்ப்பிணிகளுக்கு விலக்கச் சொல்லும் பட்டியலில் சுறா, வாள்மீன், மார்லின், பெருங்கண் சூரை இவற்றோடு 'கிங் மேக்கரல்' என்று ஒன்று இருக்கிறது. அது நம் நெய்மீனின் ஒரே பேரினம், ஆனால் வேறு இனம், அட்லாண்டிக் கடலில் வாழ்வது. நம்முடையதும் வேட்டை மீன்தான், ஆகவே பெரிய நெய்மீன் துண்டு வாரத்தில் ஒருமுறைக்கு மேல் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். சாளை, நெத்திலி, அயலை (கானாங்கெளுத்தி), கணவாய், இறால், இவற்றில் எது கிடைக்கிறதோ அதை வாரத்தில் மூன்று நாலு நாள் தாராளமாக. விலையும் குறைவு, பிள்ளையின் மூளைக்கு வேண்டிய ஒமேகா கொழுப்பும் சாளையில்தான் நிறைய. மீனை அறவே நிறுத்தினால் இழப்பது இதைத்தான். செஷல்ஸ் தீவில் வாரத்துக்குப் பன்னிரண்டு வேளை வரை கடல்மீன் தின்னும் தாய்மாரின் பிள்ளைகளை வருஷக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்தார்கள், தெளிவான கெடுதல் எதுவும் தெரியவில்லை. ஃபேரோ தீவில் திமிங்கல இறைச்சி தின்றவர்களிடம் பிள்ளைகளின் நினைவாற்றல், மொழி, கவனம் இவற்றில் சிறு பாதிப்பு தெரிந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அம்மாவும் மனைவியும் ஒரே மேஜையில் உட்கார்ந்துவிடலாம்.

சிப்பி? கடியப்பட்டணம், இனயம், குளச்சல் பாறைகளில் முங்கி எடுக்கும் நம் பழுப்புச் சிப்பி தானாக நகராது, நாள் முழுக்கக் கடல் தண்ணீரை வடிகட்டித் தின்னும். அந்த இடத்துத் தண்ணீரில் என்ன இருக்கிறதோ அது அதன் உடம்பில் பதிவாகும். 1975இல் கோல்ட்பர்க் என்ற அமெரிக்க விஞ்ஞானி இதை வைத்தே 'சிப்பிக் கண்காணிப்பு' என்ற முறையை முன்வைத்தார், தனாபே குழு அதை ஆசிய நாடுகளுக்குக் கொண்டுவந்து இந்தியக் கரையிலும் பச்சைச் சிப்பி எடுத்துச் சோதித்தது. நாம் தேங்காய் போட்டு வறுப்பது, அவர்களுக்கு அளவுகருவி. சாக்கடை விழும் முகத்துவாரத்துச் சிப்பி வேண்டாம், திறந்த பாறையில் எடுத்தது என்றால் நன்றாக வேகவைத்துத் தின்னலாம்.

மீன் கெடாமலிருக்கத் திருட்டுத்தனமாகச் சேர்க்கும் ஃபார்மலின் பற்றி ஒரு வரி. 2018இல் கேரள எல்லைச் சோதனைச் சாவடிகளில் ஆயிரக்கணக்கான கிலோ மீன் பிடிபட்டது உண்மை, கொச்சி மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் அதற்கென்று தாள் சோதனை ஒன்றும் செய்து கொடுத்தது. நீங்கள் கரைக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள், வள்ளத்தில் வந்த மீனை அன்றே வாங்கினால் இந்தக் கவலை உங்களுக்கு இல்லை.

எங்கள் ஊர் மணலின் கதிர்வீச்சையும் இதோடு சேர்த்துக் கேட்பார்கள். அந்த மணலில் இருக்கும் மோனசைட் என்ற கனிமத்தில் உள்ள தோரியம் இயற்கையாக அங்கேயே இருப்பது, அது வேறு கணக்கு, இந்தப் பதிலில் கலக்கவில்லை.

இனி நான் உண்மையில் பயப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன், அது கடலில் இல்லை, உங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. குப்பையை எரிப்பது. சென்னைப் பெருங்குடிக் குப்பைமேட்டைச் சுற்றி வாழ்ந்த பெண்களின் தாய்ப்பாலை தனாபே, சுப்பிரமணியன் குழு சோதித்து 2004இல் எழுதியது. டையாக்சின் என்ற நஞ்சு மற்ற இடங்களைவிட அங்கே அதிகம். எப்படி வந்தது என்று தேடினால், மறுபடியும் பசும்பால் பக்கம்தான் கை நீண்டது, குப்பைமேட்டில் மேயும் மாடு. டையாக்சினை யாரும் தயாரிப்பதில்லை, குளோரின் உள்ள பொருள் அரைகுறைச் சூட்டில் எரியும்போது தானாக உண்டாகிறது, உடம்பில் பாதியாகக் குறைய ஏழு வருஷத்துக்கு மேல் ஆகும். ரப்பர் தோட்டத்தில் மழைக்காலம் முடிந்து கழற்றிப் போடும் பாலித்தீனில் குளோரின் இல்லை. ஆனால் அதோடு சேர்த்து நாம் எரிப்பது என்ன? பிவிசி குழாய்த் துண்டு, வயர், அப்புறம் அந்த ஃப்ளெக்ஸ் பேனர். மாட்டுத் தொழுவத்துக்குக் கூரையாகப் போட்டுக் கிழிந்த பிறகு, அந்தத் தொழுவத்துக்குப் பக்கத்திலேயே கொளுத்துகிறோம், சாம்பலைத் தென்னை மூட்டில் போடுகிறோம், அங்கேயே கோழி கிளறுகிறது. முட்டையும் பாலும் வீட்டுச் சரக்கு என்று பெருமை வேறு! மீனை நிறுத்திவிட்டு வீட்டு முட்டை தின்கிறேன் என்று உங்கள் மனைவி சொன்னால், முதலில் கோழி எங்கே கிளறுகிறது என்று பாருங்கள்.

இதைப் படித்துவிட்டுத் தாய்ப்பாலைச் சந்தேகப்பட வேண்டாம். குப்பைமேட்டுப் பெண்களுக்குக்கூட யாரும் பாலூட்டாதே என்று சொல்லவில்லை, தாய்ப்பாலின் நன்மை அதில் வரும் நஞ்சைவிடப் பெரிது என்பதுதான் உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலை.

அந்த ஃப்ளோரின் குடும்பத்துப் பூச்சு போட்ட, மாவு ஒட்டாத தோசைக்கல்லைத் தூக்கிப் போடலாமா என்று பின்னால் கேட்டிருந்தீர்கள். காலியாக அடுப்பில் வைத்துப் புகைய விடாதீர்கள், பூச்சு உரிந்துவிட்டால் மாற்றிவிடுங்கள், அவ்வளவு போதும். 2004இல் கண்ணன் குழு ஒன்பது நாடுகளின் ரத்த மாதிரிகளில் பிஎஃப்ஓஎஸ் பார்த்தபோது அமெரிக்காவும் போலந்தும் உச்சியில், இந்தியா ஆகக் கீழே இருந்தது. அதற்குப் பிறகு இருபது வருஷமாக நாமும் பார்சல் டப்பாவுக்கும் பூச்சுத் துணிக்கும் பழகிவிட்டோம், இன்றைக்கு எடுத்தால் அதே இடத்தில் இருப்போமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

மனைவி இன்னும் சமாதானம் ஆகவில்லை, சோதித்தே ஆக வேண்டும் என்றால், வழக்கமாக வாங்கும் மீனில் முதுகுத் துடுப்புக்குக் கீழே உள்ள தடித்த சதையாக நூறு கிராம் எடுத்து, சுத்தமான பாலித்தீன் உறையில் போட்டு உறைய வைத்து, அங்கீகாரம் பெற்ற உணவு ஆய்வகத்தில் ஐஸோடு கொடுங்கள். 'மொத்தப் பாதரசம், ஈர எடைக் கணக்கில்' என்று எழுதிக் கேளுங்கள். உலர் எடைக் கணக்கில் தந்தால் எண் நாலைந்து மடங்கு பெரிதாகத் தெரியும், அதைப் பார்த்து வீட்டில் மறுபடி சண்டை வரும்.